பத்தொன்பதாம் பக்கம்

அந்த நோட்டில் பத்தொன்பதாம் பக்கம் தப்பு என்று நான் கத்த ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தத் தீவில், ரங்கத் பஜாரில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் கத்தினால் யார் காதில் விழும்? ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு, "சரிக்கா, பாக்கலாம்க்கா" என்று போய்விடுவார்கள்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநாவுக்கரசு என்று ஒரு கிளார்க் ரங்கத்தில் வேலை பார்த்தபோது ஆரம்பித்தது. காடு வெட்டி நிலம் திருத்த வந்த நம் ஆட்களுக்கு இந்தி தெரியாது. சர்க்கார் ஆபீசிலோ அர்ஜியை, அதாவது மனுவை, இந்தியில் கேட்டார்கள். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இடது பக்கம் இந்தியில் மாதிரி அர்ஜி, வலது பக்கம் தமிழில் விளக்கம் என்று எழுதிவைத்தார். நிலத்துக்கு ஒன்று, உழவு மாட்டுக்கு ஒன்று, கப்பல் டிக்கெட்டுக்கு ஒன்று. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். தப்பு கண்டவர்கள் ஒரு தாளில் திருத்தம் எழுதி அவருக்கு அனுப்பலாம். அவர் பார்த்து, சரியென்றால் கீழே கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் அது நோட்டில் ஏறும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. மாயாபந்தர் வரைக்கும் அதற்கு நகல் இருந்தது.

பிறகு மனிதருக்குப் பிரமோஷன் வந்தது. போர்ட் பிளேயருக்குப் போனார், மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். அதோடு சரி. திருத்தங்கள் வாரா வாரம் போட்டில் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இதற்கு நடுவில் ஆபீசில் விதி மாறிவிட்டது. நில அர்ஜியில் பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அர்ஜி திரும்பி வரும். இதை ஆபீஸ் சுவரில் இந்தியில் ஒட்டியிருந்தார்கள். நான் போர்ட் பிளேயரிலேயே பிறந்து இந்தியில் படித்தவள், நின்று வாசித்தேன். நோட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் சாட்சிக்கு இடமே கிடையாது. போன வருடம் கோவிந்தராஜ் என்று ஒருத்தன் அந்தப் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தான். திரும்பி வந்தது. மறுபடி எழுதுவதற்குள் கெடு முடிந்து, நிலம் வேறு குடும்பத்துக்குப் போயிற்று. இப்போது மர மில்லில் கட்டை தூக்குகிறான். "என் தலையெழுத்து" என்கிறானே தவிர, நோட்டைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இந்த வருடம் அன்னம்மாள் முறை. என் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் ஐந்து ஏக்கர் காட்டை வெட்டித் திருத்தினான். கடைசியாக வெட்டிய மரம் அவன்மேலேயே சாய்ந்தது. மார்ச் முடிவதற்குள் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி அவள் அர்ஜி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு பெண் குழந்தைகளோடு நடுத்தெருதான்.

நான் புதுப் பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். அவள் வாங்கியதும் மேலே பார்க்கவில்லை, தாளின் அடியைத்தான் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதக்கா. அவரு கையெழுத்து இல்லியே."

"அடி போடி இவளே! ஆபீசுல நானே கண்ணால படிச்சிட்டு வந்து சொல்றேன்."

"கையெழுத்து இல்லாத பக்கத்த நம்பாதன்னு ஜம்புலிங்கம் அண்ணன் சொல்லுச்சுக்கா."

ஜம்புலிங்கம் பஜாரில் மளிகைக் கடைக்காரர். ரங்கத் நோட்டு அவரிடம்தான் இருந்தது. நேரே அவரிடம் போனேன். என்னைக் கண்டதும் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க லோக்கல், விசாலாட்சி. நாங்க மெயின்லேண்டுல இருந்து மானமா வந்தவங்க. உங்க தாத்தா எதுக்குக் கப்பலேறி வந்தாருன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம், ஊருக்கே தெரியும். யாருடைய நிலப் பத்திரத்திலோ கள்ளக் கையெழுத்துப் போட்டு, வெள்ளைக்காரன் காலத்தில் ஆயுள் கைதியாக வந்தவர். அறுபது வருடம் ஆயிற்று, இன்னும் அதைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கிறார்கள். இவன் நாக்கு அழுகிப் போக! வெளியே வந்துதான் திட்டினேன், முகத்துக்கு நேரே திட்டத் தைரியம் வரவில்லை.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மிஷினைப் பூட்டிவிட்டுப் போர்ட் பிளேயருக்குப் போட் ஏறினேன்.

திருநாவுக்கரசு பனியனோடு வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். மரியாதையாகத்தான் எழுந்தார். டீ வந்தது. அலமாரியைத் திறந்து காட்டினார். அத்தனை பேர் அனுப்பிய திருத்தங்களும் அங்கே இருந்தன. வருடவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, ஒரு கவரைக்கூடப் பிரிக்காமல்.

"எல்லாம் பத்திரமா வச்சிருக்கேம்மா. ஒழிஞ்ச நேரத்துல மொத்தமாப் பாத்துடலாம்னு."

"சார், உங்களுக்கு நேரம் ஒழியறதுக்குள்ள ஒருத்தியோட நிலம் போயிடும். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தஸ்கத் போட்டுக் குடுங்க."

தாளை வாங்கினார், வாசிக்கவில்லை. "ஒண்ண மாத்துனா மத்ததும் மாத்தணும்மா. அவசரத்துல கையெழுத்துப் போடற ஆள் நான் இல்ல. வச்சிட்டுப் போங்க."

"அப்ப பொறுப்ப வேற யாருக்காவது குடுத்துடுங்க. நானே பாத்துக்கறேன்."

"அது எப்படிம்மா முடியும்? அந்த நோட்டு எனக்குப் பிள்ளை மாதிரி."

"அரே, பிள்ளைன்னா ரெண்டு வருஷமா சோறு போடாமலா வச்சிருப்பீங்க?"

முகம் சுருங்கிவிட்டது. குனிந்து ரேடியோவின் திருகாணி ஒன்றைத் திருக ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நிமிரவேயில்லை. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு, தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும் போட்டில், பட்டப்பகலில், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவருடைய கையெழுத்தை நானே போட்டேன். பெயருக்கு அடியில் வால் மாதிரி ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. தலையணை உறைக்குப் பூ வரைந்து பழகிய கை, ஒரே தடவையில் வந்துவிட்டது. அது வந்த லட்சணத்தைப் பார்த்ததும் தாளைச் சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தாத்தாவை நான் பார்த்ததுகூட இல்லை.

ஜம்புலிங்கம் கையெழுத்தைக் கண்டதும் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றே பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். அன்னம்மாள் அதைப் பார்த்து எழுதி, பக்கத்து வங்காளியிடமும் தெலுங்குக்காரரிடமும் சாட்சி வாங்கி, கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் கொடுத்தாள். ஜூனில் நிலம் அவள் பெயருக்கு வந்தது. அவளோடு இன்னும் ஆறு குடும்பங்களுக்கும் வந்தது. உடனே ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: திருநாவுக்கரசு சாருக்குப் பாராட்டு விழா.

ஜரிகை வேட்டியோடு வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் விழா. மேடை ஏறுவதற்கு முன் ஜம்புலிங்கம் நோட்டை விரித்து நீட்டினார். "உங்க பத்தொன்பதாம் பக்கம் சார். விசாலாட்சி வாங்கிட்டு வந்தாளே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் டம்ளர் தட்டோடு நின்றிருந்தேன். 'அதே புத்தி' என்று ஊரே சொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

"ஆமா. நான் போட்டதுதான்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. என்னைக் காப்பாற்றிவிட்டாரே! பிறகு அவர் மேடை ஏறினார். அந்த ஒரு பக்கத்துக்காக எத்தனை அதிகாரிகளைப் பார்த்தார், எத்தனை நாள் தூங்காமல் யோசித்தார் என்று அரை மணி நேரம் பேசினார். பாவம், பேசப் பேச அதை அவரே நம்பிவிட்டார். கடைசியில், "இனிமேயும் திருத்தங்கள எனக்கே அனுப்புங்க. என் கையெழுத்து இல்லாத பக்கத்த யாரும் தொடாதீங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமல் நின்றால் திரும்பிப் பார்ப்பார்களே என்று நானும் தட்டினேன்.

மாலை போட்டது அன்னம்மாள். தன் நிலத்தில் பூத்த சாமந்தியில் அவளே கட்டியது. போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"நல்லவேளைக்கா. அன்னிக்கு நீ எழுதிக் குடுத்தத நம்பிப் போயிருந்தேன்னா, இன்னிக்கு நானும் எம் புள்ளைங்களும் தெருவுல நின்னிருப்போம்."

"ஆமாண்டி" என்றேன்.