மதியத்துக்கு மேல் கோணும் எழுத்து

காலையில் எழுதும் எழுத்து நேராக நிற்கிறது. மதியத்துக்கு மேல் எழுதுவது மட்டும் கோணிக்கொள்கிறது. பெயர்ப்பலகை எழுதுபவர் தூரிகையை மாற்றினார், பெயிண்டை மாற்றினார், பலனில்லை. இந்தக் கடைப் பலகையும் கோணினால் கடைக்காரரின் அடுத்த கிளை வேலை கைவிட்டுப் போய்விடும்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "காலையில கொடுத்தது அப்படியே இருக்கே?"

"குடிச்சா அடிக்கடி ஏணிய விட்டு இறங்கணும். பொழுது போயிடும்."

"ஒட்டகம்கூட நடுவுல குடிக்குங்க. வெயில்ல காஞ்சா கை நடுங்காம என்ன பண்ணும்?"

முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். பிறகு இறங்க வேண்டியும் வந்தது. இறங்கியபோதுதான், தூரத்தில் நின்று பார்த்தால் வரி சாயத் தொடங்கும் இடம் உடனே தெரிவதைக் கவனித்தார். அந்த இடத்தைத் திருத்தினார்.

கடைக்காரர் அடுத்த கிளைப் பலகையையும் அவருக்கே கொடுத்தார். இப்போது அவர் வேலை செய்யும் முறை இதுதான்: தாகம் எடுக்கும் முன்பே குடிக்கிறார், இறங்கும்போதெல்லாம் தள்ளி நின்று வரியைப் பார்க்கிறார்.