எண் போடாத சீட்டு

பதினாறு வருஷமாக ஓர் எஃகுத் தண்டு உடையாமல் வளைந்துகொண்டிருக்கிறது. நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை. தொட்டுப் பார்த்தால் மனித உடம்பின் சூடு இருக்கும். காய்ச்சல்காரரின் சூடு இல்லை, நல்லபடியாக இருக்கிற ஆளின் சூடு.

அந்தத் தண்டுக்குக் கடைசியாக வைத்தியம் பார்த்தவரைத் தொழிற்சாலையில் குமிழிக்காரர் என்பார்கள். வைத்தியம் என்பது அங்கே கேலியாகச் சொல்கிற வார்த்தை. தண்ணீர்த் தொட்டிக்குள் தண்டை வைத்து லேசரைச் சொடுக்கினால், ஒளி பட்ட இடத்தில் ஒரு குமிழி கிளம்பும். கிளம்பின வேகத்தில் சுருங்கி உடையும். உடையும்போது தண்டை ஓர் அறை அறையும். ஓர் இடம் விடாமல் இப்படி லட்சம் அறை வாங்கினால் தண்டின் மேல்தோல் இறுகிப்போகும், பிறகு அதில் விரிசல் லேசில் வாய் திறக்காது. வளைந்து வளைந்து இரும்பு ஓய்ந்துபோவதற்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. தொழிற்சாலையில் எல்லோரும் அதை அசதி என்றே சொன்னார்கள். அசதி வெளியே தெரியாது. நேற்றுவரை நன்றாக இருந்த தண்டு இன்றைக்குப் பட்டென்று இரண்டாகும்.

அவர் மனைவி அடுத்த அறையில் இருந்தாள். வைத்தியம் முடிந்த தண்டுகளை வளைக்கும் இயந்திரத்தில் மாட்டி, எத்தனை வளைவு தாங்குகிறது என்று குறிப்பது அவள் வேலை. லேசர் ஓடும்போது சிவப்பு விளக்கு எரியும், கதவு திறக்காது. அதனால் சேதி எல்லாம் கதவுத் துவாரம் வழியாகச் சீட்டில்தான். "நாற்பத்தேழு, அசதி, பார்க்கணும்" என்று தண்டின் எண் போட்டு அவள் தள்ளிவிடுவாள். அவர் பார்த்துவிட்டு அடியில் "பார்த்தாச்சு" என்று எழுதித் தண்டோடு கொண்டுபோய்க் கொடுப்பார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இருவரும் வீட்டில் பேசியதைவிடச் சீட்டில் பேசியது அதிகம் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு வந்த சீட்டில், "அசதி. பார்க்கணும்" என்று மட்டும் இருந்தது. எண் இல்லை. "அம்மணி இன்னைக்கு நம்பர் போட மறந்துட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே, கைக்கு எட்டிய தண்டை எடுத்துத் தொட்டியில் இறக்கினார். அன்று அவருக்கு என்னவோ உற்சாகம். லட்சம் அறை போதும் என்ற இடத்தில் மூன்று லட்சம் கொடுத்தார், விளிம்பைக்கூட விடவில்லை. அத்தனை அக்கறையாக அவர் எந்தத் தண்டையும் பார்த்ததில்லை. முடித்துக் கொண்டுபோனபோது அவள் மேசையில் தலை சாய்த்திருந்தாள். தானே தண்டை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். சீட்டில் "பார்த்தாச்சு" என்று எழுதி, அவள் விரலுக்கடியில் மெதுவாகச் செருகினார். வெளியே வந்து, "அசந்து தூங்குறா, யாரும் எழுப்பாதீங்க" என்று சொன்னார். யாரும் எழுப்பவில்லை. இதை எழுத எனக்கே கை வரவில்லை, ஆனால் நடந்தது அதுதான். சீட்டு வந்த நேரத்தில் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள், இதயத்தில் கொஞ்ச நாளாகவே கோளாறு இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள், பன்னிரண்டு வயது மகள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா தனக்கு என்ன நம்பர்ப்பா போடுவாங்க?" என்று கேட்டாள். அவள் சித்தி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மாதம் ஒரு தடவை போனில் "ம்", "சரி" என்பதோடு சரி.

அந்த வாரமே இயந்திரத்தின் வேகம் தானாக எழுபத்திரண்டுக்கு இறங்கியது, தண்டும் சூடேறியது. மேனேஜர் சுமையை இரண்டு மடங்காக்கிப் பார்த்தார், தண்டு அசரவில்லை. உடையும்வரை சோதனையை நிறுத்தக்கூடாது என்பது விதி, ஆகவே ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் குமிழிக்காரர் பொறுக்க மாட்டாமல் ரம்பத்தை எடுத்துப் போனார். இடது கையால் தண்டைப் பிடித்தார். அந்தச் சூடு அவருக்குத் தெரிந்த சூடு. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதார். அவளுக்குப் போய்ச் சேர வேண்டியதெல்லாம் அந்தத் தண்டுக்குப் போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், அவருக்கும் அதில் சந்தேகமில்லை.

பதினொரு வருஷத்தில் வளைவுகளை எண்ணும் எண்காட்டி நிரம்பி நிரம்பி நான்கு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பியது. தொழிற்சாலையை மூடினார்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் இயந்திரம் ஓடியது. குமிழிக்காரர் மகளுக்குப் போன் செய்து, "ஒரு தடவை வந்து தொட்டுப் பார்த்துட்டுப் போம்மா" என்றார். பதிலுக்கு "ம்" என்றுதான் சொன்னாள், ஆனால் வந்தாள். பகல் முழுக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். உள்ளங்கையைத் தண்டின்மேல் வைத்தவள் எடுக்கவேயில்லை. பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"அப்பா, அசதியா இருக்குப்பா."

அவர் எண் கேட்கவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்து எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. நெற்றியைத் தொட்டார், நாடியைப் பிடித்தார், அவளைத் தாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். ஒன்றுமில்லை, சாப்பிடாமல் வந்திருக்கிறாள், நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வீட்டுக் கட்டிலில் படுத்தவள் மறுநாள் பகல்வரை தூங்கினாள். அதற்குள் அவர் நான்கு தடவை எழுப்பினார். "தூங்குறேன்பா, விடுங்களேன்" என்று ஒவ்வொரு தடவையும் சிணுங்கினாள். நான்காவது தடவை, கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அந்தக் கட்டடம் இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கு. இயந்திரம் மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் பெட்டி அடுக்குவதில்லை. மழை நாளில் சுமை இறக்க வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக் குளிர் விட்டதும் வேலைக்குப் போகிறார்கள்.