எட்டிலிருந்து பதினாலுக்குக் குடிபோனவர்

அந்த ஆஸ்பத்திரியில், புற்றுநோயைக் கிளப்பிவிட்ட மரபணு எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதை நோயாளிக்குக் கூட இருப்பவர்தான் உள்ளே இறங்கிப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, வெளிக்கடையில் ஊசி வாங்கி வருவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் கூட இருப்பவர் தலையில்தான் என்றான பிறகு, இதை மட்டும் வேறு யார் செய்வார்கள்? விலாசம் தெரிந்தால்தான் மருந்து கிளம்பும்.

அர்த்தநாரிக்குக் கூட இருந்தவள் அவன் மனைவி மைனாவதி. இருவரும் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். அவன் கழுத்தில் நெல்லிக்காயளவு தெரிந்த கட்டி, ஆடி முடிவதற்குள் தேங்காயளவு ஆகிவிட்டது.

"செருப்பை இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா" என்றார் நர்ஸ். "எட்டாவது குரோமோசோம், அதுல நீளக் கைப் பக்கம், கடைக்கோடி. இந்தக் கட்டிக்குப் பெரும்பாலும் அங்க குடியிருக்கறவருதான் காரணம்."

மைனாவதி கட்டியின் ஓரமாக உள்ளே இறங்கினாள். குரோமோசோம்கள் தெருக்களாக இருந்தன. ஒவ்வொன்றும் இரட்டைத் தெரு. ஒன்று மாமியார் கொடுத்தது, மற்றது மாமனார் கொடுத்தது. மாமியார் கொடுத்த தெருக்களில் ஒரு குப்பை இல்லை. அந்தம்மாள் இதிலும் குறை வைக்கவில்லை என்று நினைத்தபடி எட்டாவது தெருவின் கடைசிக்கு நடந்தாள். அந்த மரபணுவை நிற்கவைத்து என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பதாக இருந்தாள்.

கடைசி வீட்டில் வேறு ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பதினாலுக்குக் குடிபோயிட்டாருங்க. நாங்க பதினாலுல இருந்து இங்க வந்துட்டோம். மாத்துக்கு மாத்து."

"எதுக்குங்க போனாரு?"

"அங்க கரண்டு நிக்கறதில்லீங்களே."

பதினாலாவது தெருவின் கோடியில், காய்ச்சலோடு சண்டை போடும் சரக்கை இராப்பகலாகச் செய்கிற பட்டறை இருந்தது. ஆஸ்பத்திரி லைனில் இருக்கும் வீடுகளில் எப்படிக் கரண்டு நிற்காதோ, அப்படித்தான் அந்தப் பட்டறையின் லைனும். அதை ஒட்டிய வீட்டில் பனியன் போட்ட ஒருவர் தறிக்கு முன்னால் நின்றிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"வாங்கம்மிணி. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

இப்படி வாயார வாங்க என்கிறவரை எடுத்த எடுப்பில் திட்ட அவளுக்கு வரவில்லை.

"எட்டுல இருந்தப்ப கரண்டு எப்பவாச்சும் வரும்ங்க" என்றார் அவர். "வந்தா ரண்டு முழம் ஓட்டுவேன், நின்னுரும். இந்த உடம்புக்கு அது போதுமாட்ட இருந்துச்சு. இடம் மாறினா நாலு காசு பாக்கலாம்னு நெனச்சேன். இங்க தறி நிக்கறதே இல்லை. துணி வெக்க எடம் பத்தலீன்னா அறை ரண்டா பிரிஞ்சுக்குது. அந்த அறையிலயும் நானே நின்னு ஓட்டறேன்."

கரண்டு இல்லாத மத்தியானங்களில் தறிமேல் கையை மடித்து வைத்துக்கொண்டு அர்த்தநாரி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தவள். ஆஸ்பத்திரி லைனில் ஒரு வீடு கிடைக்காதா என்று இருவரும் தெருத் தெருவாக அலைந்தவர்கள். கிடைத்திருந்தால் அன்றைக்கே பால் காய்ச்சியிருப்பார்கள்.

"நிறுத்திருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த உடம்புக்காரரு என்ற ஊட்டுக்காரருங்க."

"ஸ்விட்ச்சு என்கிட்ட இல்லீங்க. பட்டறைக்காரர்கிட்ட இருக்குது."

பக்கத்து ஜன்னலில் தெரிந்த பட்டறைக்காரர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "நான் லைனை நிறுத்துனா இன்னிக்கே காய்ச்சல் வந்து ஆளு போயிருவாருங்க."

மைனாவதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடிப்பதற்குள் துணி கூரையைத் தொட்டு, அறை இரண்டாகப் பிரிந்தது. தறி இரண்டானது, பனியன்காரர் இரண்டானார், உள்ளே இருந்ததால் மைனாவதியும் இரண்டானாள். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து விலாசத்தைச் சொன்னார்கள்.

"சரியான விலாசம்தான்" என்றார் டாக்டர். "நீங்க பார்த்தது ஒரு அறை, ஒரே ஒரு செல். அதே மாதிரி இப்போ உடம்பு பூராவும் ஆயிருச்சு. இனிமே மருந்து ஓடிப் பிடிக்காதும்மா. இருக்கிற நாளைக்கு வலி இல்லாமப் பார்த்துக்கலாம்."

மருந்தை அவர் திரும்ப அலமாரியில் வைத்தார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான்" என்றார் நர்ஸ். "யாராச்சும் ஒருத்தர் வெளியே போங்க." வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது.

நடைபாதையில் நின்று இரண்டு மைனாவதிகளும் பேசி முடித்தார்கள். சண்டையில்லை, ஒருத்தி நினைத்ததே மற்றவளுக்கும் தோன்றியது. ஒருத்தி இங்கே இருந்து எல்லாவற்றையும் பார்ப்பது. மற்றவள் இப்போதே ஊருக்குப் போய்விடுவது. அவளுக்கு யாரும் எதையும் சொல்லி அனுப்பக் கூடாது. அவள் பூ வைத்துக்கொண்டு, தறி ஓட்டிக்கொண்டு, புருஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டு, கடைசிவரை சுமங்கலியாக இருந்துகொள்ள வேண்டும். யார் இருப்பது, யார் போவது என்பது மட்டும் பாக்கி இருந்தது. பிறகு ஒருத்தி தன் நெற்றிக் குங்குமத்தில் தொட்டு மற்றவள் நெற்றியில் இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டாள்.

போகிறவள் கட்டிலருகே வந்து நின்று அர்த்தநாரியைப் பார்த்தாள். அவன் கண் திறந்து இரண்டு பேரையும் பார்த்தான்.

"ரண்டு பேரும் சாப்புட்டீங்களா?" என்று கேட்டான்.

"ஆச்சுங்க" என்றார்கள் இருவரும்.

போகிறவள் செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் நடந்தாள். இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. இருந்தவள் வெறுங்காலோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.