காத்துக் கொட்டாய்க்கு ஒரு கூரை

எதற்கும் உதவாத ஒன்றைக் கட்டி வைத்திருப்பவன்தான் பெரிய மனிதன் என்ற ஞானம் செங்கோடனுக்கு மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் பிறந்தது. மிளகு மூட்டையை ஜாபர் உசேன் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பங்களாத் தோட்டத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். வட்டமாகக் கால் நட்டு, மேலே கூரை போட்டு, சுவரே இல்லாமல் ஒன்று நின்றது. அதற்குள் ஒரு துரை தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அதில் ஆடு கட்ட முடியாது, கேழ்வரகு கொட்டி வைக்க முடியாது, பனிக்குப் படுக்கவும் முடியாது.

"அது சும்மா காத்து வாங்கறதுக்குங்க" என்றான் தோட்டக்காரன்.

கொல்லிமலையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. செங்கோடன் வீட்டுக்குள் அது கேட்காமலே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகும். ஆனால் அதை உட்கார்ந்து வாங்குவதற்கென்று அவன் ஊர் இருக்கும் குண்டூர் நாட்டில் ஓர் இடம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் தன் தலையெழுத்தே மாறிவிடும் என்று மலை ஏறும்போதே அவனுக்குத் தோன்றிவிட்டது.

காரணம் இருந்தது. ஊரின் கிராம முன்சீப் காலமாகிப் பதவி காலியாகக் கிடந்தது. வைகாசியில் தாசில்தார் டோலியில் வந்து ஆளைப் பார்த்து வைப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். தாசில்தார் எவன் இடத்தில் உட்காருகிறாரோ அவன்தான் முன்சீப் என்று ஊரே தீர்மானம் செய்து வைத்திருந்தது. போட்டிக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் செங்கோடன். மற்றவன் அவன் பெண்டாட்டி பெருமாயியின் அண்ணன் அர்த்தனாரி. மச்சானிடம் தோற்பதைவிடச் சிங்கத்திடம் கடிபடுவது கௌரவம் என்பது செங்கோடன் கட்சி.

வீட்டுக்குப் பின்னால், பலா மரத்தை ஒட்டி, அதே மாதிரி ஒன்றுக்குத் தன் கையாலேயே கால் நட்டான். வட்டம் சரியாக வர வேண்டும் என்று முளையடித்து மாட்டைக் கட்டிச் சுற்றவிட்டு, அது நடந்த தடத்தில் குழி தோண்டினான். மாடு நடுவில் உள்பக்கமாக ஒதுங்கி, உதிர்ந்த பலாச்சுளை தின்றதால் அந்த இடத்தில் மட்டும் வட்டம் கொஞ்சம் வயிறு ஒட்டியிருந்தது.

பெருமாயி சாணிக்கூடையோடு வந்து பார்த்தாள். "ஏனுங்க, கோழி ஒண்ணு உள்ள போச்சு. எதுக்கு வந்தோம்னு தெரியாம அந்தப் பக்கமா வெளிய போயிருச்சு."

"கோழிக்கு என்ன புள்ள தெரியும், காத்துக் கொட்டாயப் பத்தி."

"அதுக்கு முட்டை போடவாச்சும் தெரியுமுங்க."

கால் நட்டதோடு கைவேலை முடிந்தது. மூளைவேலை ஆரம்பித்தது. மேலே எதைப் போடுவது? மலையில் எல்லா வீட்டுக்கும் புல்கூரைதான். ஊரோடு ஒத்துப் புல்லைப் போட்டால் தாசில்தார் அதைப் பந்தல் என்று நினைத்து, எந்த வீட்டில் சாவு என்று கேட்டுவிடுவார். ஓடு பார்க்கலாம் என்று கீழேயிருந்து மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்து பலா மரத்தடியில் வைத்தான். ஒரு குரங்கு இறங்கி வந்து ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, திருப்தியில்லாமல் பாறையில் போட்டு உடைத்துவிட்டுப் போயிற்று. ஓட்டு யோசனை அத்தோடு முடிந்தது.

மறுபடியும் ஜாபர் உசேன் கடையில் போய் நின்றான்.

"தென்னங்கீத்து போடறதுன்னா போடுங்க கவுண்டரே. வருசா வருசம் என்னைத் தேடி வருவீங்க, எனக்கும் சந்தோசந்தான்" என்றார் ஜாபர் உசேன். பிறகு உள்ளேயிருந்து நெளிவுத் தகரம் ஒன்றை இழுத்து வந்து கையால் ஓங்கித் தட்டினார். தெருநாய் ஒன்று எழுந்து ஓடியது. "இதைப் போட்டீங்கன்னா, உங்க ஊட்டுல மழை பேயறது அடுத்த மலை பைல் நாட்டுக்கே கேக்கும்."

"அவங்க ஊட்டுலயும் பேயுமே, சாயபு."

"பேயும். யாருக்குக் கேக்கும்?"

செங்கோடன் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டான். பெருமையாகப் பெய்யும் மழையை அவன் அதுவரை கற்பனைகூடச் செய்ததில்லை.

தகரம் தலைச்சுமையாக மலை ஏறியது. பாதி மலையில் காற்று தகரத்தைப் பிடித்துக்கொண்டது. சுமந்தவன் தகரத்தைப் பிடித்துக்கொண்டான். காற்று இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய் ஒரு நெல்லி மரத்தில் சாத்தி வைத்தது. செங்கோடன் பதறியோடி, "நெளிஞ்சிருச்சா?" என்று கேட்டான். "இடுப்புதானுங்களே" என்றான் மரத்திலிருந்தவன். "உன்னைய யாரு கேட்டா, அது முதல்லயே நெளிஞ்சுதான இருக்குது, மேல நெளிஞ்சிருச்சான்னு பாரு" என்றான் செங்கோடன்.

ஊர் எல்லையில் அர்த்தனாரி வழி மறித்து நின்றான். பக்கத்தில் பூசாரி சின்னுசாமி.

"மாப்பளே, மறந்துட்டியாட்டம் இருக்குது" என்றான் அர்த்தனாரி, தேன் ஒழுக. "சாமி புல்லுக்குக் கீழ குந்தியிருக்குது. அதுக்கு மேல உசத்தியா ஒருத்தன் கூரை போட்டா ஊருக்கு ஆகுமா?"

ஆகாதுதான். சாமி இருக்கும் கூரையைவிட உயர்ந்த கூரை மனிதனுக்குக் கூடாது என்பது அந்த ஊரின் பழைய கட்டு. தகரத்தின் பளபளப்பில் அது செங்கோடனுக்குக் கண்ணில் படவில்லை.

கோயிலில் பூக் கேட்டார்கள். சாமி என்பது ஒரு கல்லும் ஒரு வேலும். கல்லின் தலையில் பூ வைத்துக் கேட்டால், வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

"செங்கோடன் தகரம் போடலாமா, சாமி?" என்று சின்னுசாமி கேட்டார். பூ இடப்பக்கம் விழுந்தது. அர்த்தனாரி மீசையைத் தடவினான்.

செங்கோடன் மூளை மின்னியது. "பூசாரி, இப்படிக் கேளுங்க. சாமிக்கே முதல்ல தகரம் போட்டுட்டா?"

சின்னுசாமி வாயைத் திறப்பதற்குள் பூ வலப்பக்கம் விழுந்துவிட்டது. சாமியின் அவசரத்தைக் கண்டு சின்னுசாமிக்கே வெட்கமாகிவிட்டது.

ஆக, வந்த தகரமெல்லாம் கோயிலுக்குப் போயிற்று. கழற்றிய பழைய புல் ஒரு பக்கம் குவிந்தது. சாமியின் புல்லாயிற்றே, காலில் மிதிபடக்கூடாது, அடுப்பில் வைக்கக்கூடாது. ஊரே அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. செங்கோடன் மட்டும் தன் பங்குத் தகரத்துக்காக மறுபடி மலை இறங்கினான்.

கடையில் ஜாபர் உசேன் அவனைக் கண்டதும் தயங்கினார். "இருந்த மிச்சமெல்லாம் உங்க மச்சான் எடுத்துட்டாருங்களே. சாமிக்கே போட்டாச்சு, இனி யாரு வேணாலும் போடலாம்னு சொன்னாரு. அடுத்த சரக்கு ஆடிக்குத்தான்." அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே உள்ளே போய்க் கைவைத்த நாற்காலி ஒன்றை எடுத்து வந்தார். "தாசில்தார் உக்கார இதையாச்சும் இரவலாக் கொண்டு போங்க."

நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செங்கோடன் ஊர் வந்து சேர்ந்தபோது, அர்த்தனாரியின் மாட்டுக்கொட்டாய் தகரத்தில் தகதகவென்று மின்னியது. தன் காத்துக் கொட்டாயைப் பார்த்தான். நாற்காலியைக் கீழே இறக்கவே மறந்துவிட்டான். மேலே புல்.

"மிதிபடுதேன்னு எல்லாரும் பதறுனாங்க" என்றாள் பெருமாயி. "தலைக்கு மேல வெச்சுட்டா மிதிபடாது பாருங்க. நானும் பொம்பளைகளுமா ஏத்திக் கட்டிட்டோம். குந்தி மிளகு உதுக்க நெழல் தோதா இருக்குது."

"பிரிச்சுப் போடு புள்ள."

"சாமி புல்லு, மேல ஏறுனா தானா மக்கித்தான் எறங்கணுமாம். பூசாரி சொல்லிட்டாரு."

தாசில்தார் வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கழுத்தில் மாலையும் பக்கத்தில் மேளமுமாக அர்த்தனாரி அவரை எதிர்கொண்டு, மாடுகளை விரட்டிவிட்டு மெழுகி வைத்திருந்த தகரக் கொட்டாயில் உட்கார வைத்தான். செங்கோடன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். பின்னால் புல் நிழலில் நாற்காலி காலியாகக் கிடந்தது. முன்சீப் வேலை போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியைக் காணச் சகிக்கவில்லை. அதிலே உட்காரவும் மனமில்லை.

அந்த நேரத்தில் சின்னுசாமி மேல்துண்டால் வழுக்கைத் தலையை ஒற்றியபடி வந்தார். பின்னால் ஊரில் பாதி.

"செங்கோடா, கோயிலுக்குள்ள நிக்க முடியல. சந்தனம் வெடிச்சுப் போச்சு. 'உனக்கும் வேகுதா, சாமி'ன்னு பூ வெச்சுக் கேட்டேன். கையெடுக்கறதுக்குள்ள விழுந்துருச்சு. 'பழைய புல்லுக்கே போறியா'ன்னு கேட்டேன். அதுக்கும் வலப்பக்கந்தான்." அவர் கையில் கல் இருந்தது. வேல் வேறொருவர் கையில். "எங்க வெக்கலாம்?"

செங்கோடன் வாய் திறப்பதற்கு முன் பெருமாயி நாற்காலியைக் காட்டிவிட்டாள். சாமி கைவைத்த நாற்காலியில் அமர்ந்து காற்று வாங்கத் தொடங்கிற்று.

மத்தியானத்துக்கு மேல் மழை வந்தது. வைகாசி மழை, ஆலங்கட்டியோடு வந்தது. அர்த்தனாரியின் கொட்டாயில் ஆயிரம் பேர் உரலில் தகரத்தைப் போட்டு இடிப்பதுபோல் சத்தம். ஜாபர் உசேன் சொன்னது பொய்யில்லை, பைல் நாட்டுக்கே கேட்டிருக்கும். தாசில்தார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். மழைக்குள் ஒரு புல்கூரை அமைதியாக நிற்பதைப் பார்த்து அங்கே பாய்ந்தார். நாற்காலியையும் பார்த்தார். உட்காரப் போய், அதில் யார் இருக்கிறார் என்பது தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பாகையை எடுத்துவிட்டு, நனைந்த கோட்டோடு கைகட்டி நின்றார். மழை விடும்வரை நின்றார்.

செங்கோடன் கொட்டாயில் அவர் நின்றதோடு சரி, உட்கார்ந்தது அர்த்தனாரி இடத்தில். முன்சீப் வேலை அர்த்தனாரிக்கே போயிற்று. டோலி இறங்கிப் போனதும் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்துக் கொட்டாய்க்கு வந்தான்.

"முன்சீப்பு வந்திருக்கேன், மாப்பளே. ஊருல ஏதாச்சும் முறைகேடு இருந்தா சொல்லு."

செங்கோடன் சாமியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு மச்சான் தோளுக்கு மேலாக, ஈரத்தில் பளபளத்த மாட்டுக்கொட்டாயைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க முன்சீப்பு" என்றான், மிகப் பணிவாக. "சாமி மறுபடியும் புல்லுக்கு வந்துருச்சு. இந்த ஊருல ஒருத்தன் மட்டும் தகரத்தோட இருக்கறான். முன்சீப்பு போய் எறக்கச் சொல்லணும்."

அர்த்தனாரி சின்னுசாமியைப் பார்த்தான். சின்னுசாமி பூக்கூடைக்குக் கையை நீட்டினார்.

"பூவெல்லாம் வேண்டாம்" என்றான் அர்த்தனாரி.

பெருமாயி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்தக் கோழி மறுபடி உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த முறை சாமியின் நாற்காலிக்கு அடியில் அடங்கி உட்கார்ந்துகொண்டது.