ஏழு பைகளும் இடைக்கற்காலமும்

நான்கு மணிக்கு அச்சகக்காரர் வந்து அகழாய்வு அறிக்கையின் கடைசிப் படியை வாங்கிக்கொண்டு போவார். இப்போது மணி ஒன்றரை. பெரியவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தட்டை இழுப்பதும் மூடுவதும், கதவு வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

அகழாய்வுக் குழுவின் கிடங்கு அவள் பொறுப்பு. மண்ணிலிருந்து வருகிற கல், சில்லு, எலும்பு எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, தட்டுத் தட்டாகப் பிரித்து, சீட்டு எழுதி வைக்கிற வேலை. பதினோரு வருஷமாக அந்தச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. குழுவின் தலைவி வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் கட்டிக்கொண்ட படிப்பாளி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேலையும் ஒன்று. வீட்டில் பெரியவள், சின்னவள் என்று அழைத்தது கிடங்கிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். வந்ததில்லை.

இடைக்கற்காலம் என்றால் என்னவென்று சின்னவள்தான் முதல் வருஷம் அவளுக்குச் சொன்னாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"பெரிய கல்லைச் செதுக்கி வேட்டையாடினது பழைய கற்காலம். பயிர் வெச்சு, ஆடு மாடு வளர்த்து, பானை பண்ணினது புதிய கற்காலம். ரெண்டுக்கும் நடுவுல, நகத்தளவு கல்லுக் கத்தி செஞ்சுகிட்டு, மீன் பிடிச்சு, கிழங்கு தோண்டி வாழ்ந்தாங்க பாருங்க, அதான் இடைக்கற்காலம்."

"எத்தனை வருஷம் முன்னாடி?"

"அங்கதான்க்கா சிக்கல். ஒரு இடத்துல பத்தாயிரம் வருஷம் முன்னாடியே முடிஞ்சிருக்கும். இன்னொரு இடத்துல நாலாயிரம் வருஷம் முன்னாடி வரைக்கும் ஓடியிருக்கும். அது காலண்டர் இல்ல, வாழ்ந்த விதம். பயிர் வெச்சவங்க கையிலயும் இதே குட்டிக் கத்தி இருந்திருக்கு. அதனால கல்லை மட்டும் பார்த்துக் காலத்தைச் சொல்லிடக் கூடாது. கூட என்ன கிடந்துச்சுன்னு பார்க்கணும்."

"எங்க வீட்டுக்காரர் தலையைப் பார்த்து வயசு சொல்லக் கூடாதுங்கிற மாதிரி. முப்பதுலயே முழு நிலா."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வெங்காயமும் ஒரு காரணம்.

மறு வருஷம் மழை அடித்து ஊற்றியது. கிடங்குக் கூரை ஒழுகி, இரண்டாம் குழியிலிருந்து வந்த ஏழு பைகள் நனைந்தன. உள்ளேயிருந்த சீட்டுகள் கூழாகிவிட்டன. எந்தப் பை மேலடுக்கு, எது கீழடுக்கு என்று தெரியவில்லை. சின்னவள் அப்போது பிரசவ ஆஸ்பத்திரியில். பச்சை உடம்புக்காரியிடம் போய் இதைச் சொல்வானேன் என்று பெரியவள் எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். குட்டிக் கத்திகளைப் பொறுக்கி இடைக்கற்காலத் தட்டில் போட்டு, 'கீழடுக்கு' என்று சீட்டு எழுதினாள். பானைச் சில்லுகளைப் பொறுக்கிப் புதிய கற்காலத் தட்டில் போட்டு, 'மேலடுக்கு' என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது.

இன்று காலை எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிச் சின்னவள் அறிக்கையில் இரண்டாம் குழி பற்றிய அத்தியாயத்தைக் கொடுத்தாள். அதில் இப்படி இருந்தது: 'இரண்டாம் குழியின் கீழடுக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு நுண்கத்திகள் கிடைத்தன. அவற்றோடு ஒரு பானைச் சில்லுகூட இல்லை. ஆகவே இதை இடைக்கற்கால வாழிடம் என்று துணிந்து சொல்லலாம்.'

ஒரு சில்லுகூட இல்லையாம். எப்படி இருக்கும்? பொறுக்கி எடுத்தவள் இவளல்லவா.

அறிக்கை இன்று அச்சுக்குப் போனால்தான் வாரக் கடைசிக்குள் மேலிடத்தில் கொடுக்க முடியும். கொடுத்தால்தான் குழிகள் இருக்கிற அந்த மேட்டை மறுபடி தோண்ட அனுமதி. இல்லாவிட்டால் வேறு குழு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. சின்னவளின் பத்து வருஷ உழைப்பு அந்த ஒரு வரியில் நிற்கிறது.

பெரியவள் ஒரு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னவளின் அறைக்குப் போனாள்.

"இதைப் பாரேன். ஓரத்துல பளபளன்னு இருக்கு. கதிர் அறுத்தா இப்படி வரும்னு நீதானே சொன்ன."

சின்னவள் படங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாணல் அறுத்தாலும் வரும்க்கா, காட்டுப் புல்லு அறுத்தாலும் வரும். அதை வெச்சுப் பயிர் வெச்சாங்கன்னு சொல்ல முடியாது. கூடப் பானை கிடந்தாதானே பயம். அதான் ஒண்ணுகூட இல்லையே."

கேட்டாயிற்று, அவளே தள்ளிவிட்டாள். தப்பிக்க வழி கிடைத்துவிட்டது, அதுவும் நியாயமான வழி. பெரியவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு கிடங்குக்குத் திரும்பினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தாள்.

தொலைபேசி அடித்தது. அச்சகக்காரர். "அம்மா, மெஷின் சும்மாதான் நிக்குது. மூணு மணிக்கே வந்துடட்டுமா?"

"தலைவியம்மாவையே கேளுங்க," என்று வைத்துவிட்டு, வைத்த கையோடு சின்னவளிடம் போனாள். இந்த முறை வெறுங்கையோடு.

"பானை இருந்துச்சு," என்றாள்.

சின்னவள் நிமிர்ந்தாள்.

நனைந்த பை, கரைந்த சீட்டு, பொறுக்கிப் போட்டது எல்லாவற்றையும் பெரியவள் ஒரே மூச்சில் கொட்டினாள். சின்னவள் கையிலிருந்த பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"ஒன்பது வருஷம். மறந்துட்டீங்களா?"

"மறந்தேன்னு சொன்னா பொய்யி. ஞாபகம் வந்தப்பல்லாம் வேற வேலையைப் பார்த்தேன்."

"இன்னைக்கும் வேற வேலையைப் பார்த்திருக்கலாமே. இன்னும் ரெண்டு மணி நேரம் தாண்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"நாளைக்கு ஒருத்தன் பக்கத்துல தோண்டி, கத்தியும் சில்லும் ஒண்ணா கிடக்குன்னு காட்டுவான். அப்ப உன்னைத்தானே சிரிப்பாங்க. என்னை யாருக்குத் தெரியும்?"

சின்னவள் தொலைபேசியை எடுத்து அச்சகக்காரரிடம், "இன்னைக்கு வர வேண்டாம். என்னைக்குன்னு தெரியல," என்றாள்.

"அப்ப அனுமதி?" என்று கேட்டாள் பெரியவள்.

"கிடைக்காது."

அதை அவள் இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொல்லியிருக்கலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. இடுப்புச் சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? அந்த ஏழு பைச் சாமான் எதெதுன்னு நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?"

அது பெரியவளுக்குத்தான் தெரியும். அன்று எழுதாத சீட்டுக் கட்டும் நனைந்துபோனதால் மகளுடைய நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் எழுதியிருந்தாள். இருவரும் கிடங்குக்குப் போய்த் தட்டுகளைத் தரையில் இறக்கினார்கள். தட்டுகளுக்குள் கோடு போட்ட தாள் இருந்த டப்பாக்கள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். எண்ணிப் பார்த்ததில் நூற்று எண்பத்தெட்டுக் கத்திகள் சந்தேகத்தில் போயின.

"மீதி நூத்தி இருபத்தி நாலு இருக்கே. அதை வெச்சு இடைக்கற்காலம்னு சொல்ல முடியாதா?" பெரியவளின் குரல் கெஞ்சியது.

"முடியலாம். முடியாமலும் போகலாம். குழிப் பதிவேடு பூரா மறுபடி பார்க்கணும். மூணு மாசம் ஆகும்." சின்னவள் புதுச் சீட்டுக் கட்டை அவள் பக்கம் தள்ளினாள். "எழுதுங்க. இடம், இரண்டாம் குழி. அடுக்கு, தெரியாது."

"காலம்?"

சின்னவள் அந்தக் குட்டிக் கத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் தெரியாது."

"வீட்ல சொல்லப்போறியா?"

"முதல்ல எழுதுங்க."

பெரியவள் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. சின்னவள் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாள், கிழித்துப் போட்டாள், இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

"தெரியாதுங்கிறதைத் தெளிவா எழுதுங்க. பின்னால வர்றவங்க படிக்கணும்."