இடப்பக்கம் இழுத்த வண்டி

கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது, உள்ளங்கையளவுகூட இல்லாத அந்த ரப்பர் வளையத்தை அம்சவேணி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது, ஆனால் கிழிந்த இடம் கிழிந்த இடம் மாதிரி இல்லை, ஆற்றில் கிடந்த கூழாங்கல் போல வழவழப்பாக இருந்தது, ஒரே நாளில் கிழிந்த ரப்பர் பிசிறு பிசிறாக அல்லவா இருக்கும், இது வெகுநாள் தன்னோடு தானே உரசியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொண்டாள், பம்ப் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் அது, உடைந்த பொருளை மேசைமேல் வைத்து எங்கே தொடங்கினாய் என்று கேட்பாள், பொறுமையாக இருந்தால் அது சொல்லிவிடும், மனிதர்களிடம் அவளுக்கு அந்தப் பொறுமை இருந்ததா என்பது வேறு விஷயம்.

பின்னால் வடவள்ளி வீட்டுப் போர்ட்டிகோவில் சிவப்பு வண்டி நான்கு ஸ்டாண்டுகள்மேல் சக்கரமில்லாமல் நிற்கிறது, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்ன வண்டிதான், ஆனால் உள்ளே இருப்பது இரண்டு மடங்கு பெரிய காருக்குப் போட வேண்டிய இன்ஜின், பதினைந்து வருடம் முன்பு அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் தம்பி பூபதி பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இத்தனூண்டு வண்டிக்கு எதுக்குக்கா இத்தாப் பெரிய இன்ஜினு என்று கேட்டான், கேட்டவன்தான் பிறகு அதை அவளைவிட நன்றாக ஓட்டினான், அவள் கழற்றிப் பூட்டுவாள், அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், மூணாவது கியர்ல ஒரு முனகல் இருக்குதுக்கா, திருப்பத்துல பின்னாடி சித்தே மெதக்குது, அவன் சொல்வதை அவள் ஒரு நோட்டில் எழுதி அடுத்த ஞாயிறு சரிசெய்வாள், ஏர் ஃபில்டர் மாற்றினாள், சைலன்சர் மாற்றினாள், தாழ்வான ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டாள், அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டதெல்லாம் அந்த வண்டியின் வழியாகத்தான், அது நின்றபோது பேச்சும் நின்றது.

இப்போது பதினைந்து வருடம் முடிவதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஒன்பது வருடமாக நிக்குது, காயலான் கடைக்குப் போட்டுட்டா எடமாச்சும் மிச்சமாகும் என்றார் கணவர் லோகநாதன், இல்லீங்க, ஒருக்காக் கழட்டிப் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணிக்கலாம் என்றாள் அவள், அவளுக்கு வண்டியை ஓட்ட வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்படித்தான் ஒரு வார லீவு போட்டுவிட்டுத் தொடங்கினாள், பழைய ரப்பர்களுக்குப் பதிலாகப் போடக் கெட்டியான புது ரப்பர்கள் முதலிலேயே வாங்கிவைத்தாள், முன்சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளை இரண்டு பக்கமும் கழற்றினாள், அவற்றின் மூட்டில் வலப்பக்கத்து ரப்பர் முழுசாக இருந்தது, இடப்பக்கத்து ரப்பர் கிழிந்திருந்தது, இரண்டும் முன்பு அவளே ஒரே நாளில் போட்டவை, ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை, ஏன் ஒன்று மட்டும்.

கழற்றும்போதே கவனித்திருந்தாள், இரண்டு பக்கப் போல்ட்டுகளிலும் ரோஸ் நிறக் கோடு இருந்தது, கம்பெனியில் முறுக்கி முடித்த நட்டின்மேல் பெயிண்டால் கோடு போடுவார்கள், நட்டு அசைந்தால் கோடு உடைந்துவிடும், அந்தப் பழக்கத்தில் வீட்டில் அவள் தன் நகப்பூச்சால் கோடு போடுவாள், ஒன்பது வருடத்துக்கு முந்தைய கோடுகள் உடையாமல் அப்படியே இருந்தன, அவளுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை, பூபதி ஓட்டியபோது நடந்த விபத்துக்குப் பிறகு தகரம் தட்டிப் பெயிண்ட் அடித்தவர்களும் தொடவில்லை. புது ரப்பரோடு வந்த சீட்டை அப்போதுதான் பிரித்துப் படித்தாள், நான்காவது வரியில் இருந்தது, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இந்தப் போல்ட்டை இறுக்கக் கூடாது, சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து நாளடைவில் கிழியும், கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும்.

அவள் சீட்டை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மழை பெய்கிறது, அது அந்தப் பழைய ரப்பர்களை மாட்டிய அன்றைய மழை, இதே போர்ட்டிகோவுக்கு அப்போது கூரை பாதிதான், இடப்பக்கம் முடித்துவிட்டாள், தொங்கவிட்டபடியே முறுக்கிக் கோடும் போட்டுவிட்டாள், வலப்பக்கம் கையால் மாட்டியபோது சாரல் வலுக்கிறது, சக்கரங்களைப் பூட்டி வண்டியை இறக்கி உள்ளே தள்ளுகிறாள், மழை விட்ட பிறகு மறுபடி தூக்கச் சோம்பலாக இருக்கிறது, குனிந்து கைநுழைத்துத் தரையில் நின்ற வண்டியிலேயே வலப்பக்கத்தை முறுக்குகிறாள், ஆக வலப்பக்கம் மழையால் சரியாயிற்று, இடப்பக்கம் அவளால் தவறாயிற்று, எத்தனை எளிமையாக இருக்கிறது என்று ஒரு கணம் அவளுக்கு வியப்பாகக்கூட இருந்தது, காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது, கம்பெனியில் என்றால் உடனே யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருப்பாள், பிறகுதான் சீட்டில் இழுக்கும் என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

ஏனென்றால் பூபதி சொல்லியிருந்தான். அந்த மழைக்கு ஆறு மாதம் கழித்துக் கோத்தகிரி இறக்கத்தில், கொண்டையூசித் திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கிறான், இடப்பக்கம் பள்ளம், அங்கே போகிறது வண்டி, வலப்பக்கமாக ஒடிக்கிறான், பாறையில் மோதுகிறது, வலது முழங்கை மூன்று துண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு கிடந்தபடி அவன் அவளிடம் சொன்னது ஒன்றுதான், இழுத்துச்சுக்கா, பிரேக்க மிதிச்சதும் இடதுபக்கமா இழுத்துச்சு. அதற்கு அவள், வண்டி இழுக்காது பூபதி, அத்தன போல்ட்டையும் நாந்தான் முறுக்குனேன் என்றாள், அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான், அவள் அந்த முதுகை எத்தனையோ முறை கனவில் பார்த்திருக்கிறாள், கனவில் முதுகு திரும்பும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாராவது இருப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது, அதை லோகநாதனிடம்கூட அவள் சொன்னதில்லை. ஒரு கார்ப் பந்தய ராலி அணி பூபதியைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது, கை ஆறும்வரை காத்திருக்கவும் தயாராக இருந்தார்கள், அணிக்காரர் அவளுக்குப் போன் செய்து, அவரோட வண்டி வேலையெல்லாம் நீங்கதான் பண்றீங்களாமா, ஆள் எப்படீங்க என்று கேட்டார், நல்லா ஓட்டுவானுங்க, ஆனா அவசரம் ஜாஸ்தி என்று அவள் சொன்னாள், அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் சொன்னாள், அடுத்த வாரம் அவர்கள் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள், பூபதி பெருந்துறையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்தான், முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறான், கல்யாண வீடுகளில் பார்த்தால், நல்லாருக்கியாக்கா என்பான், முழங்கை நீளாததால் மொய்க்கவரைக்கூட மடக்கிய கையால்தான் நீட்டுவான்.

மூன்று நாள் அந்த ரப்பர் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. விபத்தில் கிழிந்திருக்கலாமே என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தாள், மோதியது வலப்பக்கம், இடப்பக்கத்தில் கீறல்கூட இல்லை, நின்ற இடத்தில் காய்ந்து வெடித்திருக்கலாமே என்று மறுநாள் நினைத்தாள், காய்ந்து வெடித்தால் வழவழப்பு எப்படி வரும், ஓடிய வண்டியில்தான் வரும், விபத்துக்குப் பின் அது ஓடவே இல்லை, தன் பக்கம் சாய்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ரப்பர் பதில் வைத்திருந்தது. சொல்லி என்னாகப் போகுது அம்சா, அவனும் மறந்திருப்பான் என்றார் லோகநாதன், நா மறக்கலீங்களே என்றாள், நாலாம் நாள் ரப்பரையும் அது இருந்த இரும்புக் கையையும் பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெருந்துறை பஸ் ஏறினாள்.

பள்ளி என்றால் ஒரு அறை, சுவரில் சாலை விதிகளின் படங்கள், யாரும் இல்லாத மதியம், பூபதி டீ வாங்கிவந்து வைத்தான், அவள் துண்டைப் பிரித்தாள், ரப்பரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது, கோபமில்லை, பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் பானட்டுக்குள் குனிவானே அந்த முகம், மடங்கிய கையால் எடுத்து, விரல் வைத்துப் பிளந்து, ஒளியில் பிடித்து, எந்தப் பக்கம் என்று கேட்டான். எடது என்றாள். தொங்கவிட்டு முறுக்கினியா. ஆமா, எனக்கு அப்பத் தெரியாது. அவன் ரப்பரைக் கீழே வைக்கவில்லை. அவள் மிச்சத்தையும் சொல்லிவிட நினைத்து, அந்த ராலிக்காரர் எனக்குப் போன் பண்ணுனாருடா என்று ஆரம்பித்தாள்.

தெரியும் என்றான். அவரே சொன்னாரு.

ஒன்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டுதான் நல்லாருக்கியாக்கா என்று கேட்டிருக்கிறான், எப்படிடா பேசாம இருந்தே என்று அவள் கேட்டபோது அவன் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தபடி சொன்னான், நூல் பிசகாம அளக்கறவ நீ, நீயே அவசரம்னு சொன்னா அது சரியாத்தான இருக்கும். இழுத்துச்சுன்னு என்னோட கை சொல்லுச்சு, நா கையை நம்பல, உன்னய நம்பிட்டேன்.

அவள் அழுவாள் என்று அவளே நினைத்தாள், அழுகை வரவில்லை, டீயில் ஆடை படிந்துவிட்டது, மன்னிச்சுக்கோ பூபதி என்றாள், அந்த வார்த்தையை அவனிடம் அவள் சொன்னதே இல்லை, அவன் தலையை ஆட்டினான், சரி என்றா, சொல்லாதே என்றா என்று தெரியவில்லை, மூன்று மணிக்கு ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள், அவன் எழுந்து சாவியை எடுத்தவன் வாசலில் நின்று, புதுசு மாட்டிட்டியா என்று கேட்டான். இன்னும் இல்ல. ஞாயித்துக்கெழமை வர்றேன், முறுக்காம வச்சிரு.

வந்தான். பேட்டரியும் டயர்களும் அவள் புதிதாக மாற்றி வைத்திருந்தாள், சக்கரம் பூட்டி வண்டியைத் தரையில் இறக்கினார்கள், பாரத்துக்காக அவளை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னான், பக்கத்தில் லோகநாதனையும் உட்கார வைத்தான், கீழே படுத்து நீளாத கையோடு மூச்சு வாங்கி அவனே முறுக்கினான், ஸ்பேனர் ஒவ்வொரு முறை நகரும்போதும் அவளுக்குக் காலடியில் அதிர்ந்தது, பிறகு அக்காளும் தம்பியும் மட்டும் கிளம்பினார்கள், தொண்டாமுத்தூர் போகும் வழியில் யாரும் வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே ஒரு நீளத் தார்ச்சாலை, மதிய வெயில், ஆளில்லை, அவன் ஓட்டினான், அவள் பக்கத்தில் இருந்தாள், எண்பதுக்குப் போனதும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான், பிரேக்கை முழுசாக மிதித்தான், டயர் அலறியது, ரப்பர் கருகும் வாசனை, வண்டி நின்றது.

பிறகு அவன் கதவைத் திறந்து பின்னால் போனான், தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள், ரூல்தடி வைத்து இழுத்தது மாதிரி, எந்தப் பக்கமும் சாயாமல், அவன் அவற்றுக்கு நடுவே, அவை தொடங்கிய இடத்தை நோக்கி மெதுவாக நடந்தான், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் அவன் முதுகைப் பார்த்தாள், கோடு தொடங்கிய இடத்துக்குப் போய் அவன் திரும்பினான், பூபதியேதான், எறங்கி வாக்கா, இங்கிருந்து பாரு என்று கூப்பிட்டான்.