அத்தான் கொடுத்த மாத்திரை

அன்று தையல் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் நாத்தனார் புருஷன். வாடிக்கையாளர் பெஞ்சில் நாத்தனார், இன்னொருவருக்கு இடம் விடாமல் நட்ட நடுவில். வெட்டும் மேசைமேல் கொழுந்தன், யாருடைய சட்டைக் கையின்மேலோ சப்பணம் போட்டு. மிஷினுக்குப் பின்னால் ஸ்டூலில் தையல்காரர், வீங்கிய கால்களைத் துணி மூட்டைமேல் தூக்கி வைத்தபடி. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு வசதி உண்டு. எல்லாருடைய காலும் கண்ணுக்கு நேரே தெரியும்.

நாத்தனார் புருஷனுக்கு அவள் மனத்துக்குள் வைத்த பெயர் அரை டாக்டர். அரை என்பதே தாராளம். மருந்துக் கடைக்கு அடுத்த கடையில் பல வருஷம் நோட்டுப் புத்தகம் விற்றவர். சுவர் வழியாக வைத்தியம் ஊறி வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

"கிட்னிதான்," என்று அவர் தையல்காரரின் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "பார்த்தீங்களா?" கடையில் பழம் வாங்குகிறவன்கூட ஒரு தடவைதான் அமுக்குவான். இவர் வரும்போதெல்லாம் அமுக்கினார்.

"ஹார்ட்டா இருக்கும்," என்றான் கொழுந்தன், போனிலிருந்து தலையை எடுக்காமல். "தண்ணியே குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"போன வாரம் குடம் குடமா குடிக்கணும்னு போட்டிருந்தானே?"

"அது வேற ஆளு, அண்ணி."

"எம் தம்பி மிதிச்சு மிதிச்சே ஓஞ்சு போயிட்டான்," என்று நாத்தனார் ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். மறு கை அலமாரியிலிருந்த புதுத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரை டாக்டர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். கடையைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறீர்களா என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்டிருந்தார். பதில் இன்று போயாக வேண்டும். காலி செய்கிறோம் என்று இவரே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி.

தையல்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைனிங் துணி வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சங்கதி இந்த மனுஷனுக்குத் தெரியாதா? டாக்டரம்மா இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு காலில் மட்டும் வலியோ சிவப்போ உண்டா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். ரத்தம், சிறுநீர், நெஞ்சு ஸ்கேன் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில், "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். தையல்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார்.

"யார் எழுதினது?"

"எங்க அத்தானுக்கு எழுதினதுங்க. எனக்கும் பிரஷர்தானேன்னு கொடுத்தார். கால் வீங்கினதும், பிரஷர் ஏறிடுச்சு, ரெண்டா போடுன்னார்."

"அத்தான் சட்டை உங்களுக்குப் பொருந்துமா? நீங்க தையல்காரர்தானே?"

அந்த வகை மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்குமாம். வேறு எழுதிக் கொடுத்தார். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், வீக்கம் மெல்ல மெல்ல வடியும், கடையை விட வேண்டிய அவசியமே இல்லை என்றார்.

"நானே அத்தான்கிட்ட பக்குவமா சொல்றேன்," என்று சத்தியம் செய்த மனுஷன்தான் இப்போது பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அத்தான் மனம் கோணக் கூடாதாம். கடை போனால் போகட்டுமாம். இவருக்கு வீங்க வேண்டியது கால் அல்ல, முதுகெலும்பு.

அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, உங்க சாக்ஸைக் கொஞ்சம் இறக்குங்க."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. இந்த வெயில்ல சாக்ஸ் எதுக்குன்னு பார்க்கிறேன்."

அரை டாக்டர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்தார். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "காட்டுங்களேன்! இவருக்கு இப்போ நல்ல சதை போட்டிருக்கு," என்று குனிந்து தானே இறக்கிவிட்டாள். எலாஸ்டிக் பதிந்த இடம் வாய்க்கால் மாதிரி உள்ளே போயிருந்தது. மனைவி கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள். குழி நின்றது.

"இதுவும் கிட்னியா, அண்ணா?"

கொழுந்தன் முதல் முறையாகப் போனைக் கீழே வைத்தான்.

ஆஸ்பத்திரிக் கதையை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அரை டாக்டர் கனைத்தார். "மாத்திரையாத்தான் இருக்கும்னு எனக்கும் ஒரு டவுட் இருந்துச்சு."

"இருந்திருக்கும். அதான் ரெண்டா போடச் சொன்னீங்க. உங்க மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அந்த டாக்டரம்மாவையே போய்ப் பாருங்க."

அரை டாக்டர் எழுதியதைக் குறுக்கே அடித்து, தாளைத் திருப்பி, அதன் பின்பக்கமே போதும் என்று அவள் எழுதினாள்: கடையை நாங்களே தொடர்ந்து நடத்துகிறோம். கணவர் முன்னால் நீட்டினாள். இந்தத் தடவை அவர் அத்தான் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவரால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

கடிதத்தை உறையில் போட்டு, வழியில் யாருக்கும் பிரிக்கத் தோன்றாதபடி ஓரமெல்லாம் கோந்து தடவி அமுக்கி ஒட்டினாள். கட்டடக்காரர் வீடு அரை டாக்டர் போகும் வழியில்தான்.

"நீங்களே கொடுத்துடுங்க, அண்ணா. நடந்தே போங்க. நடந்தா வீக்கத்துக்கு நல்லதாம்."

அவர் சாக்ஸை மேலே இழுத்துக்கொண்டு, கடிதத்தோடு படியிறங்கினார்.